பட்டியலில் பெயர் எழுதும் முன்

அன்புள்ள யாழினிக்கு,

பெரியம்மா எழுதுவது.   

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். நான்காம் கிரேடில் உன் வகுப்பிலிருந்து ‘புரமோஷன் இன் டவுட்’ பட்டியலுக்கு, அதாவது அடுத்த கிரேடுக்கு அனுப்புவதா என்று சந்தேகம் உள்ளவர்களின் பட்டியலுக்கு, பெயர் கேட்டிருக்கிறார்கள். கணக்கில் சூரனாகவும் வாசிப்பில் தடுமாறுகிறவனாகவும் இருக்கிற அந்தப் பையனின் பெயரை எழுதுவதா, விடுவதா என்று தெரியாமல் திணறுகிறாய். “எழுதினாலும் பாவம், எழுதாட்டியும் பாவம் பெரியம்மா” என்றாய். போனில் பேசினால் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லி வைத்துவிடுவேன். உனக்கு இப்போது வேண்டியது அது இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். குவீன்ஸில் ஓர் அரசுப் பள்ளியில் ஆறாம், ஏழாம் கிரேடுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். உன்னுடையதைப் போன்ற சார்ட்டர் பள்ளிகளுக்குள் வேலை பார்த்ததில்லை. அங்கிருந்து வெளியே வந்த பிள்ளைகள் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதலில் ஒன்று. உன் பள்ளியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சார்ட்டர் பள்ளி என்றால் ஏதோ தனியார் கான்வென்ட் என்று நம் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அரசாங்கப் பணத்தில், கட்டணம் வாங்காமல், தனி நிர்வாகத்தில் நடக்கிற பள்ளி அது. இடத்துக்கு மேல் ஆள் வந்தால் குலுக்கல். மின்னசோட்டா மாநிலம் 1991-இல் முதல் சட்டத்தைப் போட்டது, நியூயார்க் 1998-இல். 1994-இல் ஹியூஸ்டனில் இரண்டு இளம் ஆசிரியர்கள் ஓர் ஐந்தாம் கிரேடு வகுப்பை வைத்துக்கொண்டு தொடங்கியதுதான் இன்றைய கிப் பள்ளிகள். 2006-இல் ஹார்லெமில் ஈவா மாஸ்கோவிட்ஸ் தொடங்கியது சக்சஸ் அகாடமி. ஏழைக் குடும்பத்துக் கறுப்பினப் பிள்ளைகளும் லத்தீனோ பிள்ளைகளும் மாநிலத் தேர்வில் பணக்காரப் புறநகர்ப் பிள்ளைகளைத் தாண்டி மதிப்பெண் வாங்க முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். அதற்கு முன்னால், ‘இந்தப் பிள்ளைகளால் இவ்வளவுதான் முடியும்’ என்று எங்கள் பள்ளிகளில் எத்தனையோ பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சோம்பலை உடைத்த பெருமை இந்தப் பள்ளிகளுக்கு உண்டு.

நல்ல பிள்ளைகளாகப் பொறுக்கிச் சேர்த்ததால் வந்த வெற்றி என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. பாஸ்டனில் குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த பொருளாதார அறிஞர்கள், இடம் கிடைத்தவர்கள் உண்மையிலேயே முன்னேறியதைக் கண்டார்கள். இரு தரப்பிலும் விண்ணப்பம் போட்ட குடும்பங்கள்தானே இருந்தன? ஆகவே இந்த மாதிரிக் கறாரான பள்ளி பலன் தருகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தக் கறாரில் எது பலன் தருகிறது என்பதுதான் கேள்வி.

அதற்கும் ஒரு நல்ல பதில் இருக்கிறது. வில் டாபி, ரோலண்ட் ஃபிரையர் என்ற இருவர் நியூயார்க்கின் 39 சார்ட்டர் பள்ளிகளுக்குள் போய் என்னென்ன நடக்கிறது என்று பார்த்து, 2013-இல் வெளியிட்டார்கள். வகுப்பில் எத்தனை பிள்ளைகள், தலைக்கு எவ்வளவு செலவு, ஆசிரியர் என்ன பட்டம் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் பிள்ளைகளின் முன்னேற்றத்தோடு பெரிதாக ஒத்துவரவில்லை. ஐந்து விஷயங்கள் ஒத்துவந்தன. ஆசிரியரின் வகுப்பை அடிக்கடி வந்து பார்த்துக் குறைநிறை சொல்வது, தேர்வுத் தாள்களைப் பார்த்துப் பாடத்தைத் திருத்திக்கொள்வது, சிறு குழுவாக உட்காரவைத்து அடிக்கடி தனிப்பயிற்சி கொடுப்பது, பள்ளி நேரத்தைக் கூட்டுவது, எல்லாப் பிள்ளைகளிடமும் அதிகம் எதிர்பார்ப்பது. இந்த ஐந்தையும் மனதில் வைத்துக்கொள். ஒரே கிரேடில் மறுபடி உட்காரவைப்பது இந்த ஐந்தில் இல்லை.

அப்படியென்றால் நிறுத்திவைப்பதே தவறா? அப்படியும் சொல்லமாட்டேன். ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஆனால் சேர்த்துவைத்துப் படித்தால் ஒரு பாடம் கிடைக்கிறது.

சிகாகோவில் 1996-இல், தகுதி இல்லாமல் மேல் வகுப்புக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். 3, 6, 8-ஆம் கிரேடுகளில் தேர்வு, தவறினால் கோடை வகுப்பு, அதிலும் தவறினால் அதே கிரேடு. பிறகு நடந்த ஆய்வில், மூன்றாம் கிரேடு பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பலன் தெரிந்தது, ஆறாம் கிரேடில் ஒன்றும் இல்லை. எட்டாம் கிரேடில் நிறுத்தப்பட்டவர்கள் பள்ளிப் படிப்பையே விடுவது கூடியது. ஃபுளோரிடா 2002-இல் மூன்றாம் கிரேடு வாசிப்புக்கு இதே விதியைக் கொண்டுவந்தது. அங்கே பிள்ளையை நிறுத்தியதோடு விட்டுவிடவில்லை. கோடை வாசிப்பு முகாம், தினமும் 90 நிமிட வாசிப்புப் பாடம், அடுத்த வருடம் திறமையான ஆசிரியர் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். அந்தப் பிள்ளைகள் முதலில் நன்றாகத் தாவினார்கள். வருடம் போகப்போக அந்தத் தாவல் தேய்ந்தது. ஆனாலும் உயர்நிலைப் பள்ளியில் அவர்களுக்குத் துணை வகுப்புகளின் தேவை குறைந்தது, மதிப்பெண் சராசரி உயர்ந்தது. பள்ளி இறுதி முடிப்பதில் மட்டும் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

நம் நியூயார்க்கில் மேயர் புளூம்பெர்க் 2004-இல் இந்த விதியைக் கொண்டுவந்தபோது ஆசிரியர் அறையில் எங்களுக்குள் அடிதடியே நடக்காத குறை. நானும் எதிர்ப்புத் தரப்பில்தான் இருந்தேன். 2009-இல் வந்த ரேண்ட் நிறுவன ஆய்வு, எங்கள் தரப்பு பயந்த அளவுக்குப் பிள்ளைகளின் மனம் நொறுங்கவில்லை என்றது. ஐந்தாம் கிரேடு பிள்ளைகள் சில ஆண்டுகள் கழித்தும் பயன் பெற்றிருந்தார்கள் என்றும் சொன்னது. ஆனால் அங்கேயும் பலவீனமான பிள்ளையை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, சனிக்கிழமை வகுப்பு, கோடை வகுப்பு என்று உதவி கொடுத்திருந்தார்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு நான் வந்து சேர்ந்த முடிவு சின்னது. பிள்ளை சின்ன வயதில் இருந்து, இரண்டாவது வருடம் முதல் வருடத்தைப் போல இல்லாமலும் இருந்தால், நிறுத்துவதில் பலன் இருக்கலாம். பிள்ளை வளர்ந்துவிட்டால், அல்லது அதே பாடத்தை அதே மாதிரி நடத்தப்போகிறோம் என்றால், அது கேட்காத மருந்தையே இன்னொரு பாட்டில் வாங்கி ஊற்றுகிற வேலை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதை உன் பள்ளியில் யாரும் உனக்குச் சொல்லித்தர மாட்டார்கள். நிறுத்தப்பட்ட பிள்ளை எங்கே போகிறது என்ற கணக்கு. “உங்கள் மகள் இந்த வருஷமும் அஞ்சாம் கிரேடுதான்” என்று சொன்னால் அம்மா என்ன செய்வாள்? பக்கத்துத் தெரு அரசுப் பள்ளிக்கு வருவாள். அங்கே அந்தப் பெண்ணை ஆறாம் கிரேடில் சேர்த்துக்கொள்வார்கள். அப்படி ஒருத்தி ஒரு செப்டம்பரில் என் வகுப்புக்கு வந்தாள். முதுகு நிமிர்த்தி, கைகளைக் கோத்து மேஜைமேல் வைத்து, நான் நடக்கிற பக்கமெல்லாம் கண்ணைத் திருப்பியபடி உட்கார்ந்திருந்தாள். பின்னக் கணக்கு சுத்தமாகப் போட்டாள். பென்சில் சீவ எழுந்திருக்கக்கூட விரலால் சைகை காட்டி அனுமதி கேட்டாள். பலகையில் ஒரு கணக்கை எழுதினால் முதலில், “இதுக்கு மார்க் உண்டா?” என்பாள். உண்டு என்றால் முகம் வெளுத்துவிடும். எங்கள் வகுப்பில் பின்னக் கணக்கு சுமாராகக்கூடத் தெரியாதவர்கள் பாதிப் பேர். அந்தப் பெண் அங்கே நல்ல மாணவி! அவளுக்கு அதை நம்பவைக்க எனக்கு ஒரு டெர்ம் முழுக்கப் பிடித்தது.

இப்படிப் பிள்ளைகள் கழன்றுகொண்டால், மிச்சம் இருக்கிற வகுப்பின் சராசரி தானாக உயரும். சக்சஸ் அகாடமியில் 2006-இல் முதலாம் கிரேடில் சேர்ந்தவர்கள் 73 பேர். 2018-இல் முதல் அணியாகப் பள்ளி இறுதி முடித்தவர்கள் 16 பேர். அந்த 16 பேருக்கும் நான்காண்டுக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்பதும் உண்மை. பன்னிரண்டு வருடத்தில் வீடு மாறியவர்களும் ஊர் மாறியவர்களும் இருந்திருப்பார்கள். எல்லாரையும் பள்ளிதான் தள்ளியது என்று சொன்னால் அது அநியாயம். ஆனால் தள்ளுவதே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2015-இல் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி போட்டது. அந்த அமைப்பின் புரூக்ளின் பள்ளி ஒன்றில், ‘காட் டு கோ’, போயே ஆகவேண்டியவர்கள், என்ற தலைப்பில் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் ஒன்றைப் பள்ளி முதல்வர் வைத்திருந்தார். அது தவறு என்று தலைமை ஒப்புக்கொண்டது. அதே சமயம் எல்லாக் கறாரான பள்ளியும் அப்படி என்று முத்திரை குத்தாதே. கிப் நடுநிலைப் பள்ளிகள் 22-ஐ எடுத்துக்கொண்டு 2010-இல் வந்த ஆய்வு, ஐந்தாம் ஆறாம் கிரேடுகளில் அவர்கள் மற்றப் பள்ளிகளைவிட அதிகம் பேரை நிறுத்துகிறார்கள் என்றது. பள்ளியை விட்டுப் போகிறவர்கள் என்று பார்த்தால், மொத்தத்தில் சுற்றுப் பள்ளிகளைவிட அதிகம் இல்லை என்றும் சொன்னது. நிறுத்திய பிள்ளையைக் கையில் வைத்திருக்கவும் முடியும் என்றுதானே இதற்கு அர்த்தம்?

இந்தக் கணக்கு உனக்குப் புதிது இல்லை, கண்ணு. ஈரோட்டில் ஒன்பதாம் வகுப்புவரை படித்துவிட்டு வந்தவள்தானே நீ. பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பள்ளி வாசலில் பெரிய ஃபிளெக்ஸ் கட்டுவார்கள். எட்டாம் வகுப்புவரை தமிழ்நாட்டில் யாரையும் நிறுத்துவதில்லை. அதனால் ஒன்பதாம் வகுப்பில் வடிகட்டுகிற பள்ளிகள் அங்கே உண்டு. “டி.சி. வாங்கிட்டுப் போனா பாஸ், இங்கேயே இருந்தா ஃபெயில்” என்று அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்வார்கள். அந்த ஃபிளெக்ஸில் முகம் இல்லாத பிள்ளைகள் யார் என்று உன் வயதுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சரி, உன் பையன் விஷயத்துக்கு வருகிறேன்.

அவனுக்கு வாசிப்பு வரவில்லை என்று மட்டும் எழுதினால் போதாது. எங்கே நிற்கிறது என்று கண்டுபிடி. ஒரு நாள் மதியம் அவனைத் தனியாக உட்காரவைத்து, ‘ஃப்ரிம்ப்’, ‘ஸ்னாட்’ மாதிரி அர்த்தமே இல்லாத சொற்களை எழுதிக்காட்டி வாசிக்கச் சொல். தெரிந்த சொல்லை ஞாபகத்திலிருந்து சொல்கிற பிள்ளை இங்கே அகப்பட்டுக்கொள்ளும். பிறகு ஒரு பத்தியை நீ வாசித்துக்காட்டிக் கேள்வி கேள். நீ வாசித்தால் புரிகிறது, அவன் வாசித்தால் புரியவில்லை என்றால் கோளாறு எழுத்துக்கூட்டுவதில் இருக்கிறது. நீ வாசித்தும் புரியவில்லை என்றால் ஆங்கிலச் சொல் வளம் போதவில்லை, வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிற பிள்ளை வேறு. இரண்டுக்கும் வைத்தியம் வெவ்வேறு. கண் பரிசோதனை எப்போது நடந்தது, காது சரியாகக் கேட்கிறதா, திங்கட்கிழமைகளில் எத்தனை முறை வரவில்லை, இதையும் பார். நன்றாகக் கணக்குப் போடுகிற பிள்ளை எழுத்துக்கூட்ட முடியாமல் இருந்தால் எனக்கு முதலில் டிஸ்லெக்சியா சந்தேகம்தான் வரும். அப்படித் தோன்றினால் மதிப்பீடு கேட்டு எழுத்தில் கொடுக்கலாம் என்று அவன் அம்மாவுக்குச் சொல். சார்ட்டர் பள்ளிப் பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு. பெற்றோர் சம்மதக் கையெழுத்துப் போட்டதிலிருந்து 60 நாளுக்குள் மதிப்பீட்டை முடிக்க வேண்டும் என்பது இந்த மாநில விதி. இன்று தொடங்கினால் ஜூனுக்குள் விடை தெரியும்.

அம்மாவைக் கூப்பிடுவதை மே மாதத்துக்குத் தள்ளாதே, இந்த வாரமே கூப்பிடு. மொழிபெயர்க்க அவனுடைய அக்காவை உட்காரவைக்காதே. பெரியவர் ஒருவரை ஏற்பாடு செய்யச் சொல். என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை, நாம் என்ன செய்யப்போகிறோம் என்று மூன்றையும் சொல். “இந்தப் பள்ளி அவனுக்கு ஃபிட் ஆகலையோ” என்ற பேச்சு மட்டும் உன் வாயிலிருந்து வரவே கூடாது. வாசலைக் காட்டுகிற பேச்சு அது என்று எந்த அம்மாவுக்கும் புரியும்.

வகுப்பில் வைத்து, “இப்படியே இருந்தா ஃபோர்த் கிரேடுலயே இருப்பே” என்று மிரட்டவும் வேண்டாம். மிரட்டினால் பிள்ளை வாசிக்காது, வாசிப்பதுபோல் நடிக்கக் கற்றுக்கொள்ளும்.

கூட்டத்தில் உட்காரும்போது ஒரு கேள்வி கேள். நீ முதல் வருட ஆசிரியை, உன் குரல் சின்னதுதான். ஆனால் இந்தக் கேள்விக்குப் பெரிய குரல் தேவையில்லை. “அடுத்த வருஷம் இவனுக்கு என்ன மாறும்?” யார் சொல்லிக்கொடுப்பார், வாரத்தில் எத்தனை நாள், எத்தனை நிமிடம், எந்த முறையில் என்று கேள். கணக்கில் முன்னால் இருக்கிறவனை மறுபடியும் நான்காம் கிரேடு கணக்கிலேயே உட்காரவைப்பீர்களா என்றும் கேள். பதில் இருந்தால் உன் பள்ளி நல்ல பள்ளி. அப்போது நிறுத்துவதையும் தயங்காமல் ஆதரி. பதில் இல்லாமல், “இன்னொரு வருஷம் கிடைத்தால் பக்குவப்படுவான்” என்று மட்டும் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. நீ தேதி போட்டு எழுதிவைத்த குறிப்புகள் அப்போது உனக்குக் கைகொடுக்கும். பிப்ரவரியில் எத்தனை சொல் வாசித்தான், ஏப்ரலில் எத்தனை என்று காட்டுகிற நோட்டுக்கு முன்னால் முதல்வரும் கொஞ்சம் நின்று யோசிப்பார்.

இரக்கப்பட்டுத் தூக்கி அனுப்பிவிடவும் சொல்லவில்லை. அதையும் நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கிரேடிலும் நல்ல மனசுக்காரர்கள் ஏற்றி ஏற்றி அனுப்பி, வாக்கியக் கணக்கைப் படிக்கத் தெரியாமல் என் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் உண்டு. ஒரு நாளில் நாலைந்து வகுப்பு எடுக்கிற கணக்கு டீச்சரால் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லித்தர முடியாது. அதுவும் கைவிடுவதற்கு இன்னொரு வழிதான்.

முடிவில் நிறுத்தத்தான் வேண்டும் என்றால், லெட்டர் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் நீயே அவனிடம் சொல். கணக்கில் நீ கெட்டிக்காரன், வாசிப்புக்கு இன்னும் காலம் வேண்டும், அதற்கு இன்னின்ன செய்யப்போகிறோம் என்று சொல். செப்டம்பரில் அவனுடைய கூட்டாளிகள் மேல் மாடிக்குப் போகிற முதல் நாளில் அவன் பக்கத்தில் யாராவது பெரியவர் இருக்க ஏற்பாடு செய்.

உன்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலையில் ஆறரைக்குப் போய் இருட்டிய பிறகு வருகிறாய் என்று உன் அம்மா புலம்புகிறாள். இந்தப் பள்ளிகளில் ஆசிரியர்கள் இரண்டு மூன்று வருடத்தில் களைத்துப்போய் விலகுவது வழக்கமான கதை. பின்தங்கிய பிள்ளைக்கு ஒவ்வொரு வருடமும் புது டீச்சர் கிடைத்தால் அவனைத் தெரிந்தவர் என்று அங்கே யாரும் மிஞ்ச மாட்டார்கள். நீ சாப்பிடு, தூங்கு, ஞாயிற்றுக்கிழமை பாடக்குறிப்பு எழுதாதே. அந்தப் பையனுக்காகவாவது அங்கே இரண்டாவது வருடமும் இரு.

கறாரான பள்ளி எது என்று என்னைக் கேட்டால், எத்தனை பேரை நிறுத்தியது என்று நான் பார்க்கமாட்டேன். பின்தங்கிய பிள்ளைக்காகத் தன் நேரத்தையும் நல்ல ஆசிரியரையும் எவ்வளவு செலவழித்தது, சேர்த்த பிள்ளைகளில் எத்தனை பேரைக் கடைசிவரை வைத்திருந்தது என்று பார்ப்பேன். அதனால் அவன் பெயரைப் பட்டியலில் எழுது. பிப்ரவரியில் எழுதினால்தான் ஜூன் கடைசிக்குள் அவனுக்கு ஏதாவது செய்ய முடியும். பெயருக்குப் பக்கத்திலேயே என்ன செய்யப்போகிறோம் என்பதையும் எழுது. அந்த இடம் காலியாக இருக்கிற எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
பெரியம்மா